எம்.பி.க்கு மனு எழுதும் முன்: புதிய மக்களவை அமையும்போது எது நிற்கும், எது காலாவதியாகும்?

2024 ஜூன் 5, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த மறுநாள். கும்பகோணத்தில் என் அலுவலகத்துக்குப் பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய மனு நகலை எடுத்து மேசையில் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். மழை பெய்தால் ரயில்வே சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, அறுவடை மிஷின் அந்தப் பக்கம் போக முடியாமல் சம்பா கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது என்று எழுதியிருந்தது. கீழே ஊராரின் கையெழுத்துகள், கைரேகைகள்.

"புது எம்.பி. வந்தாச்சு வக்கீலம்மா. பேரை மட்டும் மாத்தி டைப் அடிச்சுக் குடுங்க. நாளைக்கே பார்லிமெண்டுல பேசட்டும்."

"ஐயா, நாளைக்குப் பேச அங்கே சபையே கூடாதுங்க" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இருபது வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். இந்தக் குழப்பம் படித்தவர்களுக்கும் இருக்கிறது.

அன்றைக்குத்தான் குடியரசுத் தலைவர் பழைய, அதாவது 17ஆவது மக்களவையைக் கலைத்தார். 6ஆம் தேதி தேர்தல் ஆணையம் வெற்றி பெற்றவர்களின் பட்டியலை அவரிடம் கொடுத்தது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி அந்த அறிவிக்கை வந்தால்தான் புதிய அவை சட்டப்படி அமைந்ததாகப் பொருள். 9ஆம் தேதி பிரதமரும் அமைச்சர்களும் பதவியேற்றதை டி.வி.யில் பார்த்த பலரும் பார்லிமெண்ட் தொடங்கிவிட்டது என்றே நினைத்தார்கள். அது அரசு அமைந்தது. அவை கூடியது ஜூன் 24ஆம் தேதிதான். தற்காலிக சபாநாயகர் பர்த்ருஹரி மஹதாப் முன்னிலையில் உறுப்பினர்கள் இரண்டு நாள் உறுதிமொழி எடுத்தார்கள். 26ஆம் தேதி ஓம் பிர்லா சபாநாயகரானார். 27ஆம் தேதி குடியரசுத் தலைவர் உரை. உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்கார்ந்தாலோ வாக்களித்தாலோ நாளுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியல் சட்டத்தின் 104ஆம் பிரிவு சொல்கிறது.

இதனால் மனு கொடுக்க அதுவரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. முடிவு அறிவித்த நாளிலிருந்தே வெற்றி பெற்றவர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். ரயில்வேக்கோ அமைச்சருக்கோ கடிதம் எழுத யாரும் தடுக்க முடியாது. அவையில் பேசத்தான் உறுதிமொழி வேண்டும்.

பெரியவரின் மனுவில் இன்னொரு பிழையும் இருந்தது. அது தஞ்சாவூர் எம்.பி.க்கு எழுதப்பட்டது. பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர் மூன்றும் தஞ்சாவூர் மாவட்டம். மக்களவைக்கோ மயிலாடுதுறைத் தொகுதி. மன்னார்குடி திருவாரூர் மாவட்டத்தில் இருந்தாலும் தஞ்சாவூர்த் தொகுதியில் வருகிறது. நன்னிலத்துக்காரர்கள் போக வேண்டியது நாகப்பட்டினம் எம்.பி.யிடம். மாவட்டத்தைப் பார்த்து மனு போட்டு, பதிலே வராமல் வருடங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவை கலையும்போது எது காலாவதியாகிறது என்பது. மக்களவையில் நிலுவையில் உள்ள மசோதாக்களும், மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவையில் கிடப்பவையும் போய்விடும். இதை நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நதிநீர்த் தகராறுகளுக்குத் தனித்தனி நடுவர் மன்றம் இல்லாமல் நாடு முழுவதற்கும் ஒரே நிரந்தர மன்றம், தீர்ப்புக்குக் காலக்கெடு என்று 2017இல் ஒரு மசோதா வந்தது. 2019இல் அவை கலைந்ததும் காலாவதியானது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி புதிய வடிவில் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் நிறைவேறவில்லை. 2024 ஜூன் 5ஆம் தேதி அதுவும் போனது. அது நமக்கு நல்லதா என்பது வேறு விவாதம். ஆனால் 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்புக்கு 2007 வரை காத்திருந்த கடைமடைக்காரர்களிடம், அந்த மசோதா இரண்டு முறை செத்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

எம்.பி. வழியாக மக்களவையின் மனுக்கள் குழுவுக்குப் போன மனுக்களும் அவையோடு முடிந்துவிடும்; புதிய அவையில் மறுபடியும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஆனால் ஓர் அமைச்சர் அவையில் "செய்கிறோம்" என்று கொடுத்த உறுதிமொழி, அதற்கான குழுவின் பரிசீலனையில் நிலுவையில் இருந்தால், காலாவதியாகாது. உங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு அப்படி ஒரு பதில் கிடைத்திருந்தால் தேதியோடு எழுதி வையுங்கள். துறைக்கு நேரடியாகப் போன மனுவும் அப்படித்தான்: அவை கலைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் எப்போதும் இரண்டு மனு போடச் சொல்கிறேன், ஒன்று எம்.பி.க்கு, ஒன்று துறைக்கு. துறை கொடுக்கும் பதிவு எண்ணை எம்.பி. மனுவின் முதல் பத்தியிலேயே குறிப்பிட வேண்டும்.

பெரியவரின் மனுவைப் புதிதாகவே எழுதினோம். சுரங்கப்பாதையின் எண்ணைக் கேட்டேன், தெரியவில்லை. எந்தப் பாலம் என்று எண் இல்லாமல் எழுதினால் கோப்பு அலைந்துகொண்டே இருக்கும். மறுநாள் அவருடைய பேரன் சைக்கிளில் போய், சுவரில் பெயிண்டால் எழுதியிருந்த எண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எண்ணுக்குக் கீழே, போன மழையின் தண்ணீர்க்கோடு சேறாகப் படிந்திருந்தது. அந்தப் படத்தையும் இரண்டு மனுவோடும் இணைத்தோம்.