ரோமத்தில் ஒட்டும் தூசி

1986 ஏப்ரல் 27. செர்னோபில் அணு உலை வெடித்த மறுநாள். பக்கத்து ஊரான பிரிப்யாத்தில் இருந்த சுமார் 50,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றினார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். வளர்ப்புப் பிராணிகளை அழைத்துப்போக அனுமதியில்லை. மக்கள் திரும்பவே இல்லை. விட்டுவந்த நாய்களைப் பின்னால் போன குழுக்கள் சுட்டுக் கொன்றன. ரோமத்தில் கதிரியக்கத் தூசியைச் சுமந்து பரப்பிவிடும் என்ற பயம்.

கதிரியக்கம் அம்மை போலத் தொற்றுவதில்லை. வெளியிலிருந்து காமாக் கதிர் பட்ட நாய் தானே கதிர் வீசத் தொடங்காது. வில்லங்கம் அதன் மேல் படிந்த தூசியில்தான். அயோடின்-131, சீசியம்-137 போன்ற கதிர் வீசும் பொருட்கள் அதில் இருக்கும். அடர்ந்த ரோமம் அதைத் துடைப்பம் போல வாரிக்கொள்ளும். பூனையின் கதை இன்னும் மோசம். நக்கி நக்கியே சுத்தம் செய்யும் பிராணி அது. மேலே ஒட்டியது வயிற்றுக்குள் போய்விடும். உள்ளே போன அயோடின் தைராய்டில் சேரும்.

அதனால் அணு விபத்து எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை, அவற்றை வீட்டுக்குள் கொண்டுவருவது. ஏற்கெனவே வெளியே திரிந்திருந்தால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஷாம்புவோ சோப்போ தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். கண்டிஷனர் மட்டும் கூடாது. அது முடியின் மேல் படலமாகப் படிந்து தூசியையும் சேர்த்து ஒட்டவைத்துவிடும். உணவும் தண்ணீரும் மூடி வைத்ததாக இருக்கட்டும். கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்க மனிதர்களுக்குத் தரும் அயோடைடு மாத்திரையை நாமாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. கால்நடை மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சீசியம்-137 பாதியாகவே 30 ஆண்டுகள் ஆகும். ஊருக்குத் திரும்பும் நாள் தள்ளிக்கொண்டே போவது இதனால்தான்.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போதும் 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்தவர்கள் சில நாளில் வந்துவிடுவோம் என்று நாய்களைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். பல நாய்கள் பட்டினியில் செத்தன. 2013-இல் ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பிராணிகளோடு சேர்ந்தே வெளியேறச் சொல்கிறது.

சொல்வது சுலபம். பேருந்து வாசலில் நிற்கும்போது, பழக்கமில்லாத கூடைக்குள் பூனையைத் திணித்துப் பாருங்கள், தெரியும்! என்னைக் கேட்டால், கூடையை இன்றே திறந்துவைத்து, உள்ளே பழைய துணி ஒன்றை விரித்து, தினமும் அதில் தூங்க விடுவதுதான் முதல் முன்னேற்பாடு.