லேமினேட்டட் கண்ணாடி: தமிழில் என்ன சொல்லலாம்?

காரைக்குடியில் ‘லேமினேஷன்’ என்றால் ஜெராக்ஸ் கடைதான் நினைவுக்கு வரும். ஆதார் அட்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, சூடான உருளைக்குள் விட்டு எடுத்துத் தருவார்கள். கார் கதவின் லேமினேட்டட் கண்ணாடிக்கு வரும்போது இது அப்படியே தலைகீழ். கண்ணாடி இரண்டு பக்கமும், பிளாஸ்டிக் நடுவில்.

சொல்லின் மேல் குற்றமில்லை. ‘லாமினா’ என்ற லத்தீன் சொல்லுக்கு மெல்லிய தகடு, ஏடு என்று பொருள். எது உள்ளே, எது வெளியே என்று அது சொல்வதில்லை. இந்தக் கண்ணாடிக்கு 1909-ல் காப்புரிமை பெற்றவர் பிரான்சைச் சேர்ந்த எத்வார் பெனெதிக்தூஸ். இப்போது நடுவில் இருப்பது பாலிவினைல் பியூட்டிரால் என்ற படலம்.

நம் நாட்டில் காரின் முன்கண்ணாடி லேமினேட்டடாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு, அதாவது சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடி. உடைந்தால் கற்கண்டு போல உதிர்ந்துவிடும். விலை கூடிய சில கார்களில் மட்டும் கதவிலும் லேமினேட்டட் வருகிறது.

முதலில் தெரிகிற வித்தியாசம் சத்தம்தான். நம் வீட்டுப் பழைய வெண்கலப் பானையைத் தட்டிப் பாருங்கள், ரீங்காரம் நிற்க நேரமாகும். உள்ளங்கையை அதன் மேல் வைத்தால் சட்டென்று அடங்கிவிடும். நடுப்படலம் செய்வது அந்தக் கையின் வேலை: கண்ணாடியின் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அதனால் திருச்சி சாலையில் வேகமாகப் போகும்போது காற்றின் இரைச்சலும் பக்கத்தில் வரும் பஸ்ஸின் ஹாரனும் குறைகின்றன. டயரின் உறுமல் அவ்வளவாகக் குறையாது. அது தரை வழியாக ஏறி வருகிற சத்தம்.

பாதுகாப்பில் இரண்டு பக்கமும் உண்டு. உடைந்தாலும் சில்லுகள் படலத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கார் உருண்டால் உள்ளே இருப்பவர் ஜன்னல் வழியாக வெளியே வீசப்படும் ஆபத்து குறைவு. திருடனுக்கும் சுலபத்தில் வழி கிடைக்காது. ஆனால் கார் கண்மாயில் இறங்கிவிட்டால்? டெம்பர்டு கண்ணாடியை உடைக்கும் சிறு சுத்தியல் இதனிடம் தோற்றுப்போகும். அமெரிக்காவின் டிரிபிள் ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019-ல் சோதித்த 6 கருவிகளில் ஒன்றுகூட லேமினேட்டட் கண்ணாடியைத் தகர்க்கவில்லை. உங்கள் காரில் இருப்பது டெம்பர்டா, லேமினேட்டடா என்று கண்ணாடியின் மூலையில் பொறித்திருப்பார்கள். பாதி இறக்கி மேல் விளிம்பைப் பார்த்தாலும் போதும், லேமினேட்டட் என்றால் நடுவில் நூல் போல ஒரு கோடு தெரியும்.

சரி, தமிழில்? ‘படலக் கண்ணாடி’ வேண்டாம். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததே, மேலே ஒட்டும் கருப்பு ஃபிலிம், அதுதான் ஞாபகத்துக்கு வரும். ‘அடுக்குக் கண்ணாடி’ என்பது பலர் எழுதும் சொல். நல்ல சொல்தான், ஆனால் எனக்கு ஒரு குறை. அடுக்கு என்றால் சீர்ப்பாத்திரம் போல ஒன்றின் மேல் ஒன்று வைத்தது. வேண்டும்போது பிரித்து எடுக்கலாம். இதைப் பிரிக்க முடியாது. முட்டைவெள்ளை சேர்த்து நம் செட்டிநாட்டு வீடுகளில் சுவர் பூசினார்களே, அதைப் போல: பூச்சின் மேல் பூச்சாக ஏறி ஒரே உடம்பாகிவிட்டது. ஆகவே ‘ஒட்டடுக்குக் கண்ணாடி’ என்பேன். நடுவில் காற்று விட்டு வீட்டு ஜன்னலுக்கு வைக்கும் இரட்டைக் கண்ணாடியோடு குழப்பமும் வராது.

கார் கண்ணாடிக் கடையில் போய் இப்படிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அங்கே லேமினேட்டட் என்றே கேளுங்கள்.