'ரெஸ்பான்சிவ்' யாருக்கும் பதில் சொல்வதில்லை

வணிகத் தளங்களைக் கைப்பேசிக்கு ஏற்பத் திருத்தித் தருவோரின் விளம்பரங்களில் 'பதிலளிக்கும் வலை வடிவமைப்பு' என்ற தொடர் ஓயாமல் வருகிறது. எந்தத் திரை அகலத்துக்கும் பக்கம் தானே பொருந்தும் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்ற முறைதான் இப்படித் தமிழாகியிருக்கிறது. கேட்டது யார், பதிலளிப்பது யார்? சிலர் 'பொறுப்பான வடிவமைப்பு' என்றே போட்டுவிடுகிறார்கள். ரெஸ்பான்சிவுக்கும் ரெஸ்பான்சிபிளுக்கும் நடுவே மொழிபெயர்ப்பு இயந்திரம் இடறி விழுந்திருக்கிறது. தூக்கி நிறுத்த ஆளில்லை.

இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றே. ஆனால் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010 மே மாதம் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் இந்த ஆங்கிலத் தொடரைப் பயன்படுத்தியபோது, அதைக் கட்டடக்கலையிலிருந்து எடுத்தார்: உள்ளிருப்போருக்கு ஏற்ப மாறும் சுவர், அறை. அவர் சொன்ன கூறுகள் மூன்று: விகிதத்தில் அமைந்த நெகிழ் கட்டம், சுருங்கி விரியும் படம், திரை அகலம் பார்த்து விதியை மாற்றும் மீடியா கொயரி. பதிலுக்கு இதில் இடமே இல்லை. போதாக்குறைக்கு, வழங்கி (சர்வர்) எவ்வளவு விரைவாகப் பக்கத்தை அனுப்புகிறது என்பதற்கு 'மறுமொழி நேரம்' வேறு புழங்குகிறது. 'பதிலளிக்கும் தளம்' என்று விலைப்புள்ளியில் படிக்கும் கடைக்காரர் அரட்டைப் பெட்டியை எதிர்பார்த்தால் அவர்மேல் குற்றமில்லை.

வலுவான போட்டியாளர் 'தகவமை வடிவமைப்பு'. பள்ளி உயிரியலில் பழகிய, நல்ல சொல். அதனாலேயே அதை இங்கே செலவழிக்கக் கூடாது. அடாப்டிவ் என்னும் வேறொரு முறை இருக்கிறது: 320, 768, 1024 பிக்சல் என்று சில நிலையான அமைப்புகளைத் தைத்துவைத்து, வரும் திரைக்கு ஒன்றை மாட்டுவது. 600 பிக்சல் திரை வந்தால் 320-க்கான சட்டையே கிடைக்கும், இருபுறமும் வெற்றிடம். ரெஸ்பான்சிவ் 600-க்கும் பொருந்தி நிரம்பும். தகவமையை ரெஸ்பான்சிவுக்குக் கொடுத்துவிட்டால் அடாப்டிவுக்கு என்ன சொல்வது? இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து எழுதிய ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் எதை வாங்கினார் என்பதே தெரியாது.

'நெகிழ் வடிவமைப்பு' அழகாக இருக்கிறது, ஆனால் மூன்றில் ஒரு கூறுதான் அது. கட்டம் மட்டும் நெகிழ்ந்தால் நான்கு செங்குத்துப் பத்திகள் கொண்ட விலைப்பட்டியல் 360 பிக்சலில் நூல் நூலாக நைந்துவிடும். பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க விதியும் மாற வேண்டும்.

'இயைதல்' என்றால் பொருந்துதல். யாப்பு படித்தவர்களுக்கு இயைபுத் தொடை தெரியும். அதனால் ரெஸ்பான்சிவை 'திரையியை வடிவமைப்பு' என்பேன். 'இசைதல்' இன்னும் எளிது என்பார்கள். 'திரையிசை வடிவமைப்பு' என்று எழுதினால் எம்.எஸ்.வி. நினைவுக்கு வருவார்.

அகராதியைத் திறக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு முறையாவது கைப்பேசியைத் திறந்து பார்க்கலாம். பக்கக் குறிமுறையின் தலைப்பகுதியில், திரையின் உண்மை அகலத்தைப் பின்பற்றச் சொல்லும் வியூபோர்ட் வரி விடுபட்டால் ஐபோன் உலாவி தன் அகலத்தை 980 பிக்சலாகப் பாவித்துக்கொள்ளும். சிறுதிரைக்கென எழுதிய விதி ஒன்றும் எழாது, எழுத்து எறும்பாகும். படிவத்தில் நிரப்பும் பெட்டியில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், தொட்டதும் பக்கம் பெரிதாகித் துள்ளும். தொலைபேசி எண்ணைப் படமாக ஒட்டினால் விரலால் தட்டி அழைக்க முடியாது. இயையாமை என்றால் இதுதான். இவற்றைப் பார்த்தவர் 'பதிலளிக்கவில்லை' என்று எழுதமாட்டார்.