பிரஷர் நார்மல் ஆயிடுச்சாம், மாத்திரையை நிறுத்திட்டாராம்!

இதை இன்னொரு தரம் யாராவது சொன்னால் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன் என்று எங்கள் சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த நாளே ஒருவர் வந்து சொன்னார். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, ஐம்பது வயது ஆகவில்லை, எடை நூறு கிலோவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்திருக்கிறார், படுத்தால் இன்னும் அதிகமாகிறது, வீட்டில் "கேஸா இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்து விடிகிறவரை உட்கார வைத்திருக்கிறார்கள். என்னிடம் வரும்போது பிரஷர் 210/120, நுரையீரல் முழுக்க நீர். சிகிச்சை கொடுத்து மூச்சு சீரான பிறகு "மாத்திரை என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அது எப்பவோ நிறுத்திட்டேன் மேடம், நார்மல்னு வந்துடுச்சே. நல்லாத்தானே கீறேன்?"

நார்மல் ஆனது மாத்திரையால்தான் ஐயா! காய்ச்சலுக்கு ஐந்து நாள் போட்டு நிறுத்துகிற மாத்திரை வேறு, இது வேறு. இந்த மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறவரைதான் வேலை செய்யும். நிறுத்தினால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பிரஷர் பழைய இடத்துக்கே போய்விடும், போனது உங்களுக்குத் தெரியாது. அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தலை சுற்றவில்லை, தலை வலிக்கவில்லை, அதனால் பிரஷர் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 180 வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே காட்பாடியிலிருந்து வந்து, வரிசையில் அடுத்தவரோடு அரசியல் பேசிக்கொண்டிருப்பவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தலைவலி வந்தால் மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறேன் என்பவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் நம் நாட்டில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று வந்தது, அதாவது மூன்று பேரில் ஒருவருக்கு. தெருவில் மூன்று பேரில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டா நடக்கிறார்?

நம்ம ஊரில் மாத்திரையை நிறுத்துவதற்கு வெயிலும் ஒரு காரணம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் ரத்தக் குழாய்கள் விரிந்து, வியர்வையில் உப்பும் நீரும் போய், பெரும்பாலானவர்களுக்கு பிரஷர் கொஞ்சம் இறங்கும். மே மாதம் மெடிக்கலில் பார்த்தால் 116 காட்டும், உடனே குணமாகிவிட்டது என்று மாத்திரைக்கு முழுக்கு. அப்புறம் மார்கழிப் பனியில் அது ஏறி நிற்கும்போது பார்க்க யாரும் இல்லை. வெயில் காலத்தில் எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது என்றால் வந்து சொல்லுங்கள், டோஸை நானே குறைத்துத் தருகிறேன், அது என் வேலை. நீங்களாக நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

சரி, இத்தனை அழுத்தத்தை எதிர்த்து வருடக்கணக்கில் ரத்தத்தைத் தள்ளுகிற இதயத்துக்கு என்ன ஆகிறது? கர்லாக்கட்டை சுற்றுகிறவன் கை தடிக்கிற மாதிரி இடது கீழறையின் சுவர் தடித்துப்போகிறது. "சதை தடிச்சா பலம்தானே மேடம்?" என்று ஒருவர் சந்தோஷமாகக் கேட்டார். பலம் இல்லை. தடித்த இதயம் விறைத்துப்போகும். சுருங்குவதில் குறை இருக்காது, விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் தகராறு. உள்ளே இடம் கிடைக்காத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும், சாயங்காலம் கால் வீங்கும். இதையெல்லாம் "வெயிட் போட்டுட்டேன் அதான்" என்றும் "வயசாயிடுச்சு" என்றும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு ரகம். அதில் ஈ.எஃப்., அதாவது இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படும் பங்கு, 60 சதவீதம் என்று இருக்கும். ஒரு கூட்டம் "நூத்துக்கு அறுபதுதானா, நாப்பது போயிடுச்சா?" என்று அழும். அழ வேண்டாம், யாருக்கும் நூறு வராது, 60 நல்ல அளவுதான். இன்னொரு கூட்டம் அந்த 60ஐ மட்டும் பார்த்துவிட்டு ஹார்ட் சூப்பர் என்று வீட்டுக்குப் போய்விடும். எனக்குப் பயம் இவர்களைப் பற்றித்தான். அந்த எண் இதயம் எப்படிச் சுருங்குகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. சுவர் எவ்வளவு தடிப்பு, விரிவதில் சிக்கல் உண்டா, இடது மேலறை பெருத்திருக்கிறதா என்பதெல்லாம் அதே தாளில் கீழே இருக்கும், படித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மேலறை பெருத்தால் துடிப்பு தாறுமாறாகி, அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். குண்டான உடம்பும் பிரஷரும் சேர்ந்தவர்களுக்கு ஈ.எஃப். 60 என்று நன்றாக இருந்தும், இதயம் சரியாக விரியாமல் வருகிற இதயச் செயலிழப்பு ரொம்ப சகஜம்.

எடை விஷயத்தில் ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது, செய்வது பேண்ட். "நான் இன்னும் 34 சைஸ்தான் மேடம்" என்பார்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டால் ஆயுசுக்கும் 34தான். டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து அளக்க வேண்டும், வயிற்றை எக்காமல். நம் ஊர் உடம்புவாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் ஆபத்து. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தின் அளவு கூடும், பிரஷர் ஏறும், சுகரும் கூடவே வந்து நிற்கும். குறட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறார்" என்று பெருமையாகச் சொல்லும் வீட்டம்மாக்களே, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று ஒரு ராத்திரி கவனியுங்கள். ராத்திரி இறங்க வேண்டிய பிரஷர் அவருக்கு இறங்காமல் நிற்கும்.

இன்னொன்று. எடை கூடினால் முட்டி வலிக்கும், முட்டி வலித்தால் மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக் மாதிரி ஏதாவது வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவார்கள். அந்த மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும், இதயச் செயலிழப்பைத் தூண்டிவிடும். பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பயந்து நிறுத்துகிறவர்களே வலி மாத்திரையைப் பயமில்லாமல் போடுகிறார்கள், எனக்கு இதுதான் புரியவே மாட்டேன் என்கிறது. கட்டுப்படாத பிரஷர்தான் கிட்னிக்கு எமன்.

ஆம்பூர் பிரியாணியை விட்டுவிடுங்கள் என்று சொல்லப்போவதில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைவிட தினசரி ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர்தான் என் கவலை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், அதுவும் எல்லாவற்றிலும் சேர்த்து. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று சமாதானம் சொல்லாதீர்கள், அதிலும் அதே சோடியம்தான். சோடியம் குறைத்த பொட்டாசியம் உப்பு சிலருக்கு நல்லது, ஆனால் கிட்னிக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் கேட்காமல் தொடக்கூடாது.

எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் பிரஷர் சுமார் ஒரு புள்ளி இறங்கும். முப்பது கிலோ குறைக்கச் சொல்லவில்லை, ஐந்தாறு கிலோ குறையுங்கள், மீதியை அப்புறம் பேசுவோம். கோட்டையில் நடந்துவிட்டு வெளியே வந்து டீயும் இரண்டு போண்டாவும் சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும், நடந்ததே வீண். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறேன் என்பவர்களுக்கு: நல்லது, சுற்றுங்கள், மீதி நாட்களிலும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

ரம்ஜான் நோன்பு வைப்பவர்கள் மாத்திரையை விட வேண்டியதே இல்லை, சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி மாற்றித் தரலாம், முன்கூட்டியே வந்தால் போதும். விரத நாளில் மாத்திரையையும் சேர்த்து விடுகிற அம்மாக்களுக்கும் இதேதான். காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

பார்க்கும்போது ஒழுங்காகப் பாருங்கள். டீ குடித்துவிட்டு, படியேறி வந்து, பேசிக்கொண்டே கையை நீட்டினால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பிறகு பாருங்கள். பருமனான கைக்குப் பெரிய பட்டை கேளுங்கள், சின்னதைக் கட்டினால் பொய்யாக அதிகம் காட்டும்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். ராத்திரி படுக்க முடியாமல் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ, நெஞ்சு அழுத்தி வியர்த்தாலோ, ஓமத் தண்ணீர், சோடா, நாளைக்குப் பார்க்கலாம் எதுவும் வேண்டாம். படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வைத்து 108-க்குப் போன் பண்ணுங்கள். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கூட்டி வராதீர்கள். வரும்போது போட்டுக்கொண்டிருக்கிற மாத்திரை அட்டைகளை, நிறுத்தியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.