கண்மாயில் மாட்டியது பிரானாவா?

"சார், கண்மாயில பிரானா மாட்டிருக்கு. பிள்ளைகளக் குளிக்க விடலாமா?" திருவாடானைப் பக்கமிருந்து போன் வரும், பின்னாலேயே வாட்ஸ்அப்பில் படமும் வரும். அகலமான வெள்ளி உடம்பு, சிவந்த அடிவயிறு. இதுவரை எனக்கு வந்த படங்கள் எல்லாமே பாக்கூ மீன்தான். சந்தையில் ரூப்சந்த், ஏரி வாவல் என்று விற்பது இதைத்தான்.

சந்தேகமிருந்தால் செத்த மீனின் உதட்டை விலக்கிப் பாருங்கள். பிரானாவுக்கு ரம்பம்போல் முக்கோணப் பல். இதற்கோ நம் கடைவாய்ப்பல் மாதிரி தட்டையான பல். மேல்தாடையில் இரண்டு வரிசை. அமேசான், ஒரினாக்கோ ஆறுகளில் வெள்ளம் காட்டுக்குள் ஏறும்போது, உதிரும் பழத்தையும் கொட்டையையும் உடைத்துத் தின்ன வாய்த்த பல் அது. பூச்சி, நத்தை, சின்ன மீனும் கிடைத்தால் தின்னும். பிரானாவுக்குப் பங்காளிதான், ஆனால் ஆளைத் தேடிக் கடிக்காது. தூண்டிலைக் கழற்றும்போது மட்டும் விரலை வாய்க்குள் விடாதீர்கள்; கொட்டையை உடைக்கிற தாடை. நன்னீர் மீன் என்பதால் பாக் நீரிணையில் இறங்கியும் வாழாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது பாக்கூ மாதிரி வளர்ப்பு மீன்தான் பல வீட்டுக் குழம்புக்கு. தாராளமாகச் சாப்பிடலாம், கடல் வாவல் விலை மட்டும் கொடுக்காதீர்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னதாக ஒரு சதைத் துடுப்பு இருந்தால் அது வாவல் இல்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். போன வருஷம் ஒரு வீட்டில் கண்ணாடித் தொட்டி கொள்ளாத அளவுக்கு இரண்டு பாக்கூ வளர்ந்துவிட்டன. வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் பல கிலோ. "வெள்ளிக்கிழமை ஊரணியில விட்டா புண்ணியம்" என்றார் அந்த அம்மா. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் நீர்நிலைகள் சங்கிலி மாதிரி. கார்த்திகை மழையில் ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்தால் தண்ணீரோடு மீனும் அடுத்த கண்மாய்க்குப் போகும். அங்கே விராலும் கெளுத்தியும் குஞ்சு வளர்க்கிற இடத்தில் இந்த வெளியூர் மீன் இரைக்குப் போட்டியாக நிற்கும். ஒருமுறை பரவிவிட்டால் வலைபோட்டு முழுக்க எடுக்க முடியாது.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா ஊரணிக்குப் போகவில்லை. வாங்கின கடையிலேயே பேசி, இரண்டையும் வாளியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.