லாரிக்கு ஏன் டீசல்? தெரிந்துகொண்டால் எஞ்சினும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்

"டீசல் விலை கம்மி, அதனால்தான் லாரியெல்லாம் டீசலில் ஓடுது" என்று லாரி வைத்திருப்பவர்களே சொல்வதுண்டு. டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2014 அக்டோபரில் கைவிட்டது. அதற்குப் பிறகு பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் நடுவே பழைய இடைவெளி கிடையாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பம்பில் டீசல்தான் பெட்ரோலைவிட விலை கூடுதல். அங்கும் கனரக லாரிகள் டீசலில்தான் ஓடுகின்றன. அப்படியானால் காரணத்தைச் சிலிண்டருக்குள்தான் தேட வேண்டும். அது புரிந்தால், பட்டறைக்கு வரும் பாதி எஞ்சின்கள் ஏன் அந்த நிலைக்கு வந்தன என்பதும் புரிந்துவிடும்.

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறும் 16 சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். முழு லோடோடு மொத்த எடை சுமார் 48 டன். நூறு மீட்டருக்கு 3 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகவே சக்கரத்துக்கு ஏறக்குறைய 120 கிலோவாட், அதாவது 160 குதிரைத்திறன் வேண்டும். கியர் பாக்ஸிலும் பின் அச்சிலுள்ள கிரௌன் கியரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால், 250 குதிரைத்திறன் எஞ்சினில் முக்கால் பங்கு இதற்கே போய்விடும். ஏற்றம் 4 மீட்டரானால் மிச்சமும் தீர்ந்தது. ஏற்றம் முடியும்வரை எஞ்சினுக்கு மூச்சுவிட நேரமில்லை.

250 குதிரைத்திறன் இன்று 2 லிட்டர் டர்போ பெட்ரோல் காரிலேயே கிடைக்கிறது. ஆனால் அது 5000, 6000 ஆர்பிஎம்மில் வருகிற திறன். சமதளத்தில் 80-ல் போகும் காருக்கு இருபது குதிரைத்திறன் கூடத் தேவைப்படாது. முழுத் திறனும் ஓவர்டேக் பண்ணும் சில நொடிகளுக்குத்தான். லாரியின் 6 லிட்டருக்கு மேற்பட்ட ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினோ 1000 முதல் 1800 ஆர்பிஎம்முக்குள்ளேயே 900, 950 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, தருகிறது. 1200 ஆர்பிஎம்மில் உறுமிக்கொண்டே மணிக்கணக்கில் இழுக்கும்.

"பெட்ரோல் எஞ்சினால் லோடு இழுக்கவே முடியாது" என்பதும் சரியல்ல. கியரைக் குறைத்துப் போட்டால் எந்த எஞ்சினும் இழுக்கும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய பெட்ஃபோர்ட், ஃபோர்டு லாரிகளில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள்தான். எத்தனை மணி நேரம் தாங்கும், எத்தனை லிட்டர் குடிக்கும், எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கும்போதுதான் பெட்ரோல் பின்வாங்குகிறது.

பின்வாங்க வைப்பது நாக்கிங். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் முன்கூட்டியே கலந்த கலவையைத்தான் பிஸ்டன் அழுத்துகிறது. பிளக்கில் பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவிச் சிலிண்டர் ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்வதற்குள் ஓரத்துக் கலவை சூடு தாங்காமல் தானாக வெடித்தால் உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். அது தொடர்ந்தால் பிஸ்டன் ஓரம் அரித்துப்போகும், ரிங் உடையும். சிலிண்டர் பெரிதாக ஆக, தீ ஓட வேண்டிய தூரம் கூடும். டர்போ வைத்துக் காற்றை அதிகம் திணித்தால் சூடு கூடும். அதனால் பெட்ரோலில் கம்ப்ரஷன், அதாவது கலவையை நசுக்கும் விகிதம், பொதுவாகப் பத்து, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டுவதில்லை. முழு லோடில் தொடர்ந்து மிதித்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும், கூடுதல் பெட்ரோலை ஊற்றிச் சிலிண்டரைக் குளிரவைக்கும். அந்தக் கூடுதல் பெட்ரோல் சக்கரத்துக்கு வேலை செய்வதில்லை.

டீசல் எஞ்சினில் பிஸ்டன் அழுத்துவது வெறும் காற்றை. பதினாறு, பதினெட்டு பங்கை ஒரு பங்காக நசுக்கும்போது அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கிறது. பிஸ்டன் மேலே வந்து சேரும் நேரத்தில்தான் நாசில் டீசலைப் பீய்ச்சுகிறது. பிளக் இல்லாமலே பற்றிக்கொள்கிறது. முன்கூட்டி வெடிக்க உள்ளே எரிபொருளே இல்லை. ஆகவே சிலிண்டரைப் பெரிதாக்கலாம், டர்போவால் காற்றைத் தாராளமாகத் திணிக்கலாம்.

இதைக் காசாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். நல்ல லாரி டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்குச் சுமார் 200 கிராம் டீசல் எடுக்கிறது. பெட்ரோல் எஞ்சினைக் கனத்த லோடில் ஓட்டினால் 270 கிராம் அளவுக்குப் போகும். சராசரியாக 100 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் டீசல் 20 கிலோ, பெட்ரோல் 27 கிலோ. டீசல் கனமான எண்ணெய் என்பதால் லிட்டர் கணக்கில் வித்தியாசம் இன்னும் விரியும்: டீசல் 24 லிட்டர், பெட்ரோல் 36 லிட்டர். ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு லிட்டர்! லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதும் டீசலுக்கே லாபம். பெட்ரோல் எஞ்சின் வேகத்தைக் குறைக்கக் காற்று வழியையே த்ராட்டிலால் அடைக்கிறது. அடைத்த வழியில் காற்றை இழுக்க எஞ்சின் தன் சக்தியையே செலவிட வேண்டும். டீசலில் காற்று வழி திறந்தே இருக்கும், டீசலின் அளவு மட்டும் குறையும்.

இதற்கெல்லாம் விலை உண்டு. சிலிண்டருக்குள் 150 பாருக்கு மேல் (ஒரு பார் என்பது ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தம்) அழுத்தம் வருவதால் பிளாக், கிராங்க், கனெக்டிங் ராடு எல்லாமே தடிமனாக வேண்டும். லாரி எஞ்சின் அரை டன் எடை வரும். காருக்கு அது பாரம், 48 டன்னில் நூற்றில் ஒரு பங்குதான். அந்தத் தடிமனால்தான் ஒழுங்காகப் பராமரித்த எஞ்சின் ஹெட்டைக் கழற்றாமல் ஐந்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. முக்கால் டன் ஏற்றும் குட்டி வண்டிகளின் கணக்கு வேறு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சிறிய டீசல் எஞ்சினுக்குப் புகை சுத்திகரிப்புச் செலவு கட்டுப்படியாகாமல், அந்த ரகத்தில் பெட்ரோல் வண்டிகள் வந்தன. அது சரியான முடிவுதான்.

பொறி வைக்கப் பிளக் இல்லாத எஞ்சினுக்கு இரண்டே உயிர்: நன்றாக அழுந்தும் காற்று, மிக நுண்ணிய டீசல் தூவல். காற்றில் பெரிய மர்மமில்லை. ஏற்றத்தில் கருப்புப் புகை தள்ளி, இழுவையும் குறைந்தால் டீசல் பம்பில் கை வைக்கும் முன் ஏர் ஃபில்டரையும், டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸையும் பாருங்கள். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய்ப் பசையோடு புழுதி ஒட்டியிருந்தால் காற்று அங்கேதான் கசிகிறது. ஃபில்டரைக் கம்ப்ரசர் காற்றால் ஓங்கி அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, அதன் வழியே போகும் மண் சிலிண்டரின் உள்சுவரான லைனரைத் தேய்த்துவிடும்.

தூவல்தான் இன்று அதிகம் கெடுகிறது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் டீசல் 1600 பார், அதற்கும் மேலே அழுத்தத்தில் நிற்கிறது. நாசிலின் துளைகள் தலைமுடி அளவு. உள்ளே ஊசிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி ஓரிரண்டு மைக்ரான். அந்த இடைவெளியில் வேறு ஆயில் கிடையாது. டீசலே வழுவழுப்பைத் தர வேண்டும். மண்ணெண்ணெய் கலந்தாலோ தவறிப்போய் பெட்ரோல் அடித்தாலோ அந்த வழுவழுப்பு போய், பம்ப் உரசிப் பொடி உதிர்க்கும். அந்தப் பொடி நேராக எல்லா இன்ஜெக்டருக்குள்ளும் போகும். பெட்ரோல் அடித்தது தெரிந்தால் சாவியையே போடாதீர்கள். வண்டியைத் தள்ளி நிறுத்தி, டேங்கை முழுக்க இறக்கி, ஃபில்டரை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். "கூட டீசல் ஊற்றினால் கலந்து சரியாகிவிடும்" என்ற பேச்சு பழைய பம்ப் காலத்தோடு போகட்டும்.

தண்ணீரும் அதே அளவு எதிரி. வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஒரு கண்ணாடி டம்ளரில் திறந்துவிடுங்கள். கீழே தெளிந்த குமிழாகத் தனித்து நிற்பது தண்ணீர், மேலே மிதப்பது டீசல். வெறும் டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். இராத்திரி டேங்கைப் பாதியில் விட்டால் உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். தினமும் தண்ணீர் வந்தால் டேங்க் மூடியையும் டீசல் போடும் பங்கையும் சந்தேகியுங்கள்.

ஓடும் எஞ்சினில் டீசல் பைப் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் கிளீனர்களிடம் இன்னும் இருக்கிறது. 1600 பாரில் வரும் தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே திசு அழுகி விரலை எடுக்க வேண்டி வரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். குத்திவிட்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போய் "டீசல் உள்ளே ஏறியிருக்கிறது" என்று சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தே பைப்பில் ஸ்பானர் வைக்க வேண்டும்.

டர்போ சீல் போய் எஞ்சின் ஆயில் காற்று வழியில் நுழைந்தால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக வேகமெடுக்கும். பொறியே இல்லாததால் சாவியை எடுத்தாலும் நிற்காது. வண்டி நின்றுகொண்டிருந்தால் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டு எஞ்சினை அணைத்துவிடலாம். முடியாவிட்டால் தள்ளி ஓடுங்கள். காற்றுக் குழாயைக் கையால் அடைக்கப் போகாதீர்கள்.

யூரியா பற்றியும் ஒரு வார்த்தை. பிஎஸ்6 லாரியில் புகையைச் சுத்திகரிக்க ஊற்ற வேண்டியது 32.5 சதவீத யூரியாவும் கனிமம் நீக்கிய தண்ணீரும் கலந்த திரவம். டீசலில் ஐந்து சதவீதம் அளவு செலவாகும். உரக்கடை யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள வேப்பெண்ணெய்ப் பூச்சும் தண்ணீரின் உப்பும் தூவும் முனையில் வெள்ளைக் கட்டியாகப் படிந்து, பின்னால் இருக்கும் வினையூக்கியையே அடைத்துவிடும். மிச்சம் பிடித்தது சில ஆயிரம், மாற்றுவது லட்சக்கணக்கில்.

இப்போது அதே தொப்பூரில் தருமபுரிப் பக்கமிருந்து இறங்கும் லாரி. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது இந்தச் சாலையில் எத்தனையோ குடும்பங்களை அழித்திருக்கிறது. மிச்சம் என்பதே பொய். கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காமன் ரெயில் எஞ்சின் டீசலை முழுக்க நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங்குக்கு டீசல் ஊற்ற வேண்டியிருக்கிறது. 48 டன் வண்டி நூறு மீட்டருக்கு 3 மீட்டர் இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது, அந்த வேகம் கூடாமல் இருக்க 120 கிலோவாட்டை எங்காவது கரைக்க வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 120-ஐ ஒன்றாகப் போட்ட சூடு அது. நியூட்ரலில் அத்தனையும் பிரேக் டிரம்மில்தான் இறங்கும். லைனிங் கருகிப் பிடிப்பு போகும். ஐட்லிங்கில், பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றுவதால், மிதிக்க மிதிக்கக் குறையும் காற்றும் வேகமாக நிரம்பாது. பதறிப்போய்க் கியர் போடப் பார்த்தால், அந்த வேகத்தில் கியர் விழாது.

டீசலில் த்ராட்டில் அடைப்பு இல்லாததால், பெட்ரோல் காரைப்போல் காலை எடுத்ததும் எஞ்சின் தானாகப் பிடித்து நிறுத்தாது. நசுங்கிய காற்று பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சைலன்சர் வழியை மூடும் எக்ஸாஸ்ட் பிரேக் வைத்திருக்கிறார்கள். அதன் ஏர் பைப் கழன்றிருக்கிறதா, வால்வு கரி பிடித்து நிற்கிறதா என்று லோடு ஏற்றும் முன் பாருங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, அதே சாலையில் ஏற எந்தக் கியர் போடுவீர்களோ அந்தக் கியருக்கு வந்துவிடுங்கள். எஞ்சின் 1800, 2000 ஆர்பிஎம்மில் சுற்றும்போதுதான் எக்ஸாஸ்ட் பிரேக்குக்குப் பிடிப்பு. முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் கால் பிரேக்கை ஓங்கி ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். தொடர்ந்து லேசாக மிதித்தபடியே வந்தால் டிரம்முக்குக் குளிர நேரமே கிடைக்காது.