கல்பாக்கத்தில் தண்ணீருக்குப் பதில் சோடியம் ஏன்?

வேதியியல் ஆசிரியரான வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மண்ணெண்ணெய்க்குள் மூழ்கவைத்துப் பாதுகாக்கும் சோடியத்தில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டாலே சீறி எரிகிறது. அதை டன் கணக்கில் கல்பாக்கத்து அணு உலைக்குள் நிரப்பியிருக்கிறார்களே, ஏன்?" நியாயமான கேள்வி. உலையின் வெப்பத்தை அள்ளிச்செல்ல வழக்கமாகத் தண்ணீரைப் பயன்படுத்துவார்கள், இங்கே சோடியம். அதற்கான விடை, அணுக்கருவைப் பிளக்கும் துகளான நியூட்ரானின் வேகத்தில் இருக்கிறது.

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடு, மற்றதெல்லாம் ஏறக்குறைய யுரேனியம்-238. இந்த 238 ஒரு நியூட்ரானை விழுங்கினால், நெப்டூனியம் வழியாகச் சில நாட்களில் புளூட்டோனியம்-239 என்ற நல்ல எரிபொருளாகிவிடும். எரித்ததைவிட அதிகமான எரிபொருளை ஈன்று தருவதால்தான் கல்பாக்கத்தின் 500 மெகாவாட் உலைக்கு ஈனுலை என்று பெயர்.

அணு பிளவுபடும்போது புதிய நியூட்ரான்கள் வெளிப்படும். ஆனால் ஈனுவதற்கு அவற்றில் மிச்சமிருக்க வேண்டும். எரிபொருள் விழுங்கும் ஒவ்வொரு நியூட்ரானுக்கும் ஈடாக, அடுத்த பிளவை நடத்த ஒன்றும், எரிந்த அணுவுக்குப் பதிலாகப் புதிய அணுவை உருவாக்க ஒன்றும் தேவை. எஃகில் உறிஞ்சப்பட்டும் வெளியே கசிந்தும் வீணாவது தனி. மெதுவான நியூட்ரான்களைப் புளூட்டோனியம் விழுங்கும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிளவை உண்டாக்காமலேயே வீணாகிவிடுவதால், விழுங்கிய ஒவ்வொரு நியூட்ரானுக்கும் புதிதாகக் கைக்குக் கிடைப்பது சராசரியாக 2.1 மட்டுமே. வேகமான நியூட்ரான்களில் இந்த வீண்செலவு குறைந்து, கணக்கு இரண்டரையை நெருங்குகிறது. ஈனுலையின் பிழைப்பே அந்தச் சிறு உபரியில்தான் இருக்கிறது.

அந்த வேகத்தைத் தண்ணீர் கெடுத்துவிடும். கோலி ஆடியவர்களுக்கு இது கண்ணால் கண்ட விஷயம்: ஓடிவரும் கோலி தன் எடையே உள்ள இன்னொரு கோலியை நேராக அடித்தால், அடித்தது அங்கேயே நின்றுவிட, அடிபட்டது ஓடும். அதே கோலியை அம்மிக்கல்லில் அடித்தால், வேகத்தை அதிகம் இழக்காமல் தெறித்துத் திரும்பும். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் கருவும் நியூட்ரானும் கிட்டத்தட்ட ஒரே எடை. மோதலுக்குச் சராசரியாகப் பாதி ஆற்றல் போய்விடுவதால், நொடிக்கு 20,000 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்ட நியூட்ரான், சுமார் 18 மோதல்களில் நொடிக்கு 2 கிலோமீட்டருக்கு வந்துவிடும். சோடியத்தின் கருவோ 23 மடங்கு கனமானது. ஒரு மோதலில் நியூட்ரான் இழப்பது சராசரியாக 8 விழுக்காடு ஆற்றல்தான். இத்தனை பெரிய இயந்திரத்தின் தலைவிதியை ஒரு கோலிக் கணக்கு தீர்மானிப்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சோடியம் 98 டிகிரியில் உருகி 883 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால், கூடங்குளத்துத் தண்ணீரைப்போல 150 வளிமண்டலங்களுக்கு மேல் அழுத்திவைக்க வேண்டியதில்லை. ஆபத்து நீராவி உற்பத்திக் கலத்தில் இருக்கிறது. உலைக்கருவைத் தொடாத இரண்டாம் சுற்றுச் சோடியம் அங்கே வந்து, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் குழாய்ச் சுவருக்கு இப்பால் நிற்கிறது, அப்பால் தண்ணீர். சுவரில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும், வினையில் பிறக்கும் ஹைட்ரஜனைச் சோடியத்திலேயே மோப்பம் பிடித்து எச்சரிக்கும் உணரிகள் அதற்காகவே உள்ளன.

ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995 டிசம்பரில், சோடிய ஓட்டத்தின் அதிர்வில் வெப்பமானி உறை ஒன்று முறிந்து, நூற்றுக்கணக்கான கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. கதிர்வீச்சு வெளியேறவில்லை. எனினும் இயக்கிய நிறுவனம் காணொளியின் பகுதிகளை மறைத்தது அம்பலமாகி, மக்களின் நம்பிக்கை போயிற்று. 2016-ல் உலையை மூட முடிவெடுத்தார்கள்.

2004-ல் கட்டத் தொடங்கிய கல்பாக்கத்து ஈனுலையில் 2024 மார்ச்சில்தான் உலைக்கருவை நிரப்பும் பணி தொடங்கியது. இந்தத் தாமதத்தைக் காட்டி ஆய்வு நிதியைக் குறைக்கக் கூடாது. எஃகு, பற்றவைப்பு, சோடிய வேதியியல் ஆகியவற்றுக்கு இன்னும் அதிகம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுற்றுவட்டார மக்களின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் தவறு. அந்த ஹைட்ரஜன் உணரிகளின் அளவீடுகள் சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் வாழ்பவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் மாதந்தோறும் வெளியாக வேண்டும்.